வெள்ளிக்கிழமைத் தோல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'ரெண்டு நாள் அக்கா' என்று பெயர். மனிதத் தோல் வளர்ப்பது வேலை. தீக்காயம் பட்டவரின் அக்குளிலிருந்து தபால்தலை அளவு தோலை வெட்டி அனுப்புவார்கள். அவள் அதிலிருந்து செல்களைப் பிரித்து, ஊட்டநீர் மாற்றி மாற்றி, மூன்று வாரத்தில் உள்ளங்கை அகலத் தாள்களாக வளர்த்துக் கொடுப்பாள். எப்போது கிடைக்கும் என்று எந்த டாக்டர் கேட்டாலும், இன்னும் ரெண்டு நாள் என்பாள். போன வருடம் அவசரப்பட்டுக் கொடுத்த தாள் ஒன்று, காயத்தில் வைத்த கையோடு கிழிந்துபோனதிலிருந்து அந்தப் பிடிவாதம் முற்றிவிட்டது.

இம்முறை ஒன்பது வயதுப் பெண். வெள்ளிக்கிழமையே தாள்கள் கிண்ணங்களை நிறைத்துவிட்டன. டாக்டர் போனில் கெஞ்சாத குறை.

"இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் சார். ரெண்டு நாள்."

ஞாயிற்றுக்கிழமை கிருமி ரத்தத்தில் ஏறி, குழந்தை போய்விட்டாள்.

வைக்காமலே நின்றுபோன தோலை அழிக்கக் கையெழுத்து வேண்டும். இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். பஸ் ஓட்டுபவர். முகம் சவரம் காணாமல் கிடந்தது. வாசலிலேயே கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கலாம்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா."

நுண்ணோக்கியில் குனிந்தார்.

"உயிரோட இருக்கா?"

"இருக்குங்க."

வெகுநேரம் அவர் நிமிரவே இல்லை.

"எப்ப தயாராச்சு?"

இன்றைக்குத்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மனசு கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே குடுத்திருக்கலாங்க. நான்தான் வேணாம்னேன்."

திட்டட்டும் என்று நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளை முழங்காலில் வைத்து நீவினார்.

"டாக்டர் எங்கிட்டயும் கேட்டாரு. அந்தம்மா ரெண்டு நாள் கேக்குறாங்க, ஆனா இப்பவே வெச்சுப் பாக்கலாம், என்ன சொல்றீங்கன்னு. கிழிஞ்சா பாப்பாவுக்கு மறுபடி வலிக்குமேன்னு, பொறுத்தே வைங்கன்னுட்டேன்."

அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். சட்டென்று நிறுத்தி, கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அவ அம்மா கீழ உக்காந்திருக்கா. நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. கேட்டா, நீங்கதான் ரெண்டு நாள் கேட்டீங்கன்னு சொல்லிருங்கம்மா."

"சரிங்க" என்றாள்.