நாங்க நிக்கிறோம்

பேராசிரியர் பாதி ஆயுளை ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியே கழித்தவர். ‘நாம்’ என்பது அந்தச் சொல். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். நிறத்தைக் காட்டி மனிதரை ஒதுக்குகிற அநியாயமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது என்று தடிதடியாக எழுதி, கடைசிப் புத்தகத்துக்குப் பரிசும் வாங்கிவிட்டார். அவருடைய அண்ணன் அவரை ‘நாமய்யா’ என்றுதான் கூப்பிடுவார்.

பரிசைக் கொண்டாட வீட்டில் உறவுக்கூட்டம். கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட மகன், அவளை முதல் தடவையாக அழைத்து வந்திருந்தான். சொந்தக்காரர்கள் அவளை ஓரக்கண்ணால் அளந்தார்கள். அவளோ மாமனாரின் வகுப்புப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவள். “மாமா, தண்ணி கொண்டு வரட்டுமா?” என்று அவள் கேட்டதும் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. தம் தத்துவமே கால் முளைத்து வீட்டுக்குள் நடமாடுவதாக நினைத்துக்கொண்டார்.

எல்லாரும் கிளம்பும் நேரத்தில், படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் அவர் மனைவி. சோபாவைச் சுற்றி ஆட்கள் முண்டியடித்தார்கள். மருமகளும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கணவன் பக்கம் வந்தாள். பேராசிரியர் மனைவியின் கைபேசியை வாங்கி மருமகளிடம் நீட்டினார்.

“கொஞ்சம் எடுத்துக் குடும்மா. நாங்க குடும்பமா நிக்கிறோம்.”

அவள் நின்றாள். கைபேசியை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். மகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

“சிரிங்க,” என்றாள்.

அப்போதுதான் பேராசிரியருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பாழாய்ப்போன முகம் பழக்கத்தில் சிரித்துத் தொலைத்தது.

கூட்டம் கலைந்ததும் சமையலறைக்குப் போனார். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

“நாமன்னுதாம்மா சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு.”

“இல்ல மாமா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க,” என்றாள் அவள், குழாயை மூடாமலே. “படம் எடுக்கிறவங்க படத்துல இருக்க மாட்டாங்களே. அப்போ நாங்கதான் சரி. நீங்க நடத்தின பாடந்தானே?”

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் குரலில் கோபமே இல்லை. அவருக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். அதுதான் அவரைக் கொன்றது.

“இன்னொன்னு எடுக்கலாம். இப்பவே. எல்லாரையும் கூப்பிடறேன்.”

“பெரியப்பா கார் கிளம்பிடுச்சு மாமா.”

மேசைமேல் அவர் கைபேசி கீச்சிட்டது. மனைவி அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். ‘நாமய்யா குடும்பம், ஒருத்தர்கூட விடாமல்!’ என்று அதற்குள் அண்ணன் காரிலிருந்தே எழுதியிருந்தார்.

இல்லை, ஒருத்தி விட்டுப்போயிருக்கிறாள் என்று எழுத விரலை வைத்தார் பேராசிரியர். மருமகள் கையை ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்தாள்.

அவர் ஒரு எழுத்தை அடிப்பதற்குள், அண்ணன் எழுதியதற்குக் கீழே அவளுடைய கட்டைவிரல் உயர்ந்திருந்தது.