உடைமரத்தில் ஒரு கூடு

தொண்ணூற்றெட்டு ஆவணியில் உமாராணி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். எட்டாம் வகுப்புப் படித்தவள்; ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு அவள் தாய் சங்கரம்மாள் வாய் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. சோறு பொங்குவாள். பசுவந்தனைக்குத் தெற்கே இருந்த பருத்திப் புஞ்சைக்குப் புருஷன் நல்லக்கண்ணுவின் பின்னால் நடந்து வருவாள். அவர் எது கேட்டாலும் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

கார்த்திகையில் புஞ்சை ஓரத்து உடைமரத்தில் ஒரு ஜோடி மணிப்புறா கூடு கட்டியது. நாலு குச்சியை அள்ளிப் போட்டது மாதிரி ஒரு கூடு. குஞ்சு பொரித்ததும் சங்கரம்மாள் களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். மறுநாள் வீட்டிலிருந்து கம்பு கொண்டுவந்து மரத்தடியில் தூவினாள். கூட்டில் ரெண்டு கிடக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை என்று அவளாகவே வந்து சொன்னாள். அன்றைக்கு நல்லக்கண்ணு வயிறாரச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் அலறல் கேட்டு ஓடினார். பெரிய உடும்பு ஒன்று மரமேறிக் கூட்டுக்குள் தலையை விட்டிருந்தது. அவர் போய்ச் சேருமுன் ரெண்டையும் விழுங்கிவிட்டது. மண்வெட்டிக் காம்பால் அடித்தார். இடுப்பொடிந்த பிறகும் அது பட்டையில் பதித்த நகத்தை எடுக்கவில்லை. வாலைப் பிடித்து இழுக்க இழுக்க மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் யாரை அடிக்கிறோம் என்ற நினைவில்லாமல் அடித்தார். சங்கரம்மாள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் திரும்புவதற்குள் அதே கிளையில் புறாக்கள் மறுபடியும் குச்சி சேர்த்தன. நல்லக்கண்ணு ஆசையோடு அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“இங்கன பாருட்டி, திரும்பக் கட்டுது.”

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“அதுக்கு மறந்துபோச்சு,” என்றாள். “எனக்கு அந்த உடும்பு மாதிரில்லா இருக்கு. எத்தன அடிச்சாலும் நகம் விடமாட்டேங்குது.”

தேற்ற நினைத்தவர் தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

“எனக்கு மட்டும் விட்டுருச்சாட்டி?”

சங்கரம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். மகள் போன பிறகு அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாளிலிருந்து அவள் மரத்தை விட்டு விலகி மேற்கு வரப்பு வழியாகப் புஞ்சைக்கு வந்தாள். அந்தக் கரிசலில் வேறு நிழல் கிடையாது. மத்தியானம் வெயிலிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நல்லக்கண்ணு மரத்தடியிலிருந்து தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.