கூரையில் முட்டிய கர்ணம்

என் வீட்டுக்காரர் கணக்கில் புலி. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் சூத்திரமெல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. அங்கேயேதான் இருக்கிறது, கைக்கு இறங்கியதே கிடையாது.

மகள், புருஷன் வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதம். இங்கேயே இருக்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, இரு என்று இவரும் சொல்லவில்லை. துணிகளை நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி வளைய வந்தாள். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று நான் முட்டிக்கொண்டதற்கு, மறுநாள் பலகையும் ரம்பமும் வந்து இறங்கின. அவளுக்கு அலமாரி செய்யப்போகிறாராம்.

"தச்சரைக் கூப்பிடலாமே," என்றேன்.

"எதுக்கு? எல்லாம் கணக்குதான்டி."

அறையின் உயரம் ஒன்பது அடி. மேலே தூசி சேரக்கூடாதென்று அலமாரியில் ஒரே ஒரு அங்குலம்தான் குறைத்தார். வாசலில் நுழையாது என்று மகளின் அறையிலேயே தரையில் படுக்கப்போட்டு அடித்தார். இந்த முன்யோசனையைத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத் தூக்கி நிமிர்த்தினோம். முக்காலுக்கு மேல் எழுந்ததும் அதன் மூலை கூரையில் டக்கென்று முட்டியது.

"தள்ளுங்க, தள்ளுங்க! கணக்கு சரியாத்தான் இருக்கு. கட்டினவன்தான் கூரையைக் கோணலாப் போட்டிருக்கான்."

"நேரா நின்னா சரிப்பா. சாய்ச்சுத் தூக்கும்போது மூலைக்கு மூலை நீளம் ஜாஸ்தியாச்சே?" என்றாள் மகள்.

"அது கர்ணம். கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின்..." ஒப்பித்துக்கொண்டே போனவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கர்ணம்தான் தலைக்கு மேலே கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காரை உதிர்ந்து அவர் வழுக்கையில் விழுந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பப் படுக்கவைத்தோம். மகள் கையைத் தட்டிக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நான் என்ன இங்கயே இருக்கப்போறேனா? அடுத்த வாரம் அங்கயே போயிடறேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பார்த்துப் பார்த்துப் பாலிஷ் போட்ட அடிப்பகுதியில் மூன்று அங்குலத்துக்குக் கோடு போட்டு, ரம்பத்தை வைத்து அறுக்கத் தொடங்கினார். அலமாரி கிடந்து ஆடியது.

"நீ எங்கயும் போக வேணாம். அந்தப் பக்கம் பிடி," என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

அவள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல இந்த மனுஷருக்கு ஒரு அலமாரி தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.