சக்கரம் மட்டும் நிறைய இருந்த பட்டறை

நாற்காலிச் சக்கரங்கள் தெருவில் ஓடியதற்கு நான்தான் காரணம். மாடிப்படியில் அடுக்கியிருந்த பெட்டிகளில் அடியில் இருந்ததை உருவினேன். மூளை உள்ளவன் மேலே இருப்பதை எடுப்பான். பெட்டிகள் சரிந்தன, சக்கரங்கள் படியிறங்கி, வாசல் தாண்டி, சரிவில் ஊர்வலமாகப் போயின. எதிரே சலூனிலிருந்து பாதி முகம் மழித்த ஒருவர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்.

கிடங்கில் இடமில்லாமல்தான் படியில் அடுக்கியது. கிடங்கை நிரப்பியதும் நானே. அக்காவின் நாற்காலிப் பட்டறையில் சாமான் வாங்கும் வேலை எனக்கு. சக்கரங்கள் ஓடிய அன்றிலிருந்து தொழிலாளிகள் என்னைச் சக்கரவர்த்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அக்கா ஒரு சக்கரத்தோடு வந்தாள். எறியப் போகிறாள் என்று குனிந்தேன்.

"நிமிருடா. இதுமேல உக்கார முடியுமா?"

"முடியாதுக்கா."

"அப்ப ஃபோம் எங்கே?"

இருக்கைக்கு ஃபோம் வாங்க வேண்டிய பணம்தான் தெருவில் உருண்டுகொண்டிருந்தது. உள்ளே இருக்கையில்லாத நாற்காலிகள் எலும்புக்கூடுகளாக நின்றன. எங்களிடம் வாங்குவது ஒரே ஒரு பெரிய கடை. அந்தக் கடைக்காரர் வேறு பட்டறை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் எங்களுக்குப் பூட்டுதான்.

"எதுக்குடா இவ்வளவு வாங்கினே?"

"வாரத்துக்கு அறுபது நாற்காலின்னு மாமா சொன்னார். தட்டுப்பாடு வந்துட்டா என்ன பண்றதுன்னு நூறுக்கு வாங்கினேன்."

ஆர்டர் எடுக்கும் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நைசாக வெளியே நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க. கடைக்காரர் அறுபதா கேட்டார்?"

"நாப்பது. மேல இருபது... ஒரு பாதுகாப்புக்கு."

"ஆளாளுக்குக் கொசுறு போட நான் என்ன காய்கறிக் கடையா வெச்சிருக்கேன்? அண்ணனும் தம்பியும் மாதிரி நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அக்கா திட்டினால் தாங்குவேன், பழக்கம். இது தாங்கவில்லை. என் மேல் வந்த கோபத்தைக் கடைக்காரர் மேல் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கடையில் எங்கள் நாற்காலிகள் நிற்கும் மூலை காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் கடுகடுத்தது.

"வெறுங்கையோட வந்திருக்கியா? வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பறேன்."

"அண்ணே, நாப்பது அனுப்பினா நாப்பதும் வித்துடுமா?"

"நீ அனுப்பு, அப்புறம் பாப்போம்."

"உண்மையில எத்தனை விக்குது?"

"வியாபாரம்னா முன்னே பின்னே இருக்கும்ப்பா."

"அண்ணே!" மேசையில் தட்டினேன். கை வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றதை நம்பித்தான் அங்க சாமான் வாங்கிக் குவிக்கிறோம். அக்கா பட்டறையை மூடிடுவா போலிருக்கு. வாரத்துக்கு எத்தனை?"

அவர் பில் புத்தகத்தை மூடி வைத்தார்.

"பன்னெண்டு."

பன்னிரண்டு நாற்காலிக்கான ஃபோமை என் ஸ்கூட்டர் பின்சீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடலாம்!

"அப்ப எதுக்குண்ணே நாப்பதுன்னு சொன்னீங்க?" கத்திவிட்டேன்.

அவரும் கத்தினார்.

"பன்னெண்டு கேட்டப்பல்லாம் நாலுதானேடா அனுப்பினீங்க!"