மணி தெரியாதவர்களுக்கு இணைப்பு இல்லை

அத்தான் முதல் முறையாக இணையத்துக்கே ஒரு விதி எழுதியிருந்தார். கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொது விதிகள் வகுக்கும் குழு ஒன்றுக்கு அதை அனுப்பியிருந்தார். அந்தக் குழுவில், மின்னஞ்சல் முகவரி இருந்தால் யார் வேண்டுமானாலும் சேரலாம். வரைவு அனுப்பலாம், அடுத்தவர் வரைவில் குறையும் சொல்லலாம். அந்த இரண்டாவது வசதியை அவருடைய கொழுந்தியாள் பயன்படுத்திக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று நிறுத்தங்களில் காட்டும் மின்பலகைகளைப் பராமரிப்பவள். அத்தானின் வரைவோ, "கடிகாரம் தவறாக உள்ள கருவிக்கு இணைப்பைக் கட்டாயம் மறுக்க வேண்டும்" என்றது. மின்சாரம் போய் வந்தால் பலகைகள் மணியை மறந்துவிடும். சரியான மணியை இணைப்பில்தான் கேட்டு வாங்கும். இணைப்பில்லாமல் மணி தெரியாது. மணி தெரியாமல் இணைப்பு கிடைக்காது. விதி வந்தால் ஒரே மின்வெட்டில் ஊர்ப் பலகைகள் மொத்தமும் இருண்டுவிடும். இதை அவள் குழுவின் பொது அஞ்சலில் எழுதிவிட்டாள்.

அத்தான் பதில் எழுதவில்லை, ஆள் சேர்த்தார். தன் கம்பெனியின் கணக்கர், வரவேற்பறைப் பெண், ஓட்டுநர், கடைசியில் கட்டிய மனைவி வரை குழுவில் சேர்த்து, "ஆதரிக்கிறேன்" என்று ஆளுக்கோர் அஞ்சல் போடவைத்தார்.

குழுத் தலைவி மிக மரியாதையாக எழுதினார். இங்கே வாக்கெடுப்பு கிடையாது. யாரும் கம்பெனிக்காகப் பேசுவதில்லை, அவரவருக்காகத்தான். நியாயமான கேள்வி ஒன்று பதிலின்றி நிற்கும்வரை வரைவு நகராது. புதியவர்கள் ஆதரவோடு காரணத்தையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அத்தான் உம்மென்று இருந்தார்.

"ஏன் வாலு, இதை வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்திருக்கலாம்ல?"

"வீட்ல பேசினா நீங்க எங்க கேக்குறீங்க, அத்தான்?"

அப்போதுதான் அக்கா, தான் எதை ஆதரித்தோம் என்று விசாரித்தாள். வாலு விளக்கினாள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் மைக்ரோவேவ் அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்து கைப்பேசியில் ஏதோ தட்டினாள். அத்தானின் கைப்பேசி சிணுங்கியது.

"என் ஆதரவைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்: எங்கள் வீட்டு மைக்ரோவேவ் வாங்கிய நாள் முதல் பன்னிரண்டு மணியே காட்டுகிறது. சரிசெய்வதாகச் சொன்னவர்தான் இந்த விதியையும் எழுதியவர்."

"இதை உலகமே படிக்குமே," என்றார் அத்தான் பரிதாபமாக.

"காரணம் கேட்டாங்கல்ல," என்றாள் அக்கா, குழம்பை அவர் பக்கம் நகர்த்தியபடி.

அடுத்த வரைவில், மணி கேட்க மட்டும் வரும் கருவியைக் கட்டாயம் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. கடைசிப் பக்கத்து நன்றியில் சகோதரிகள் இருவர் பெயர்களும் இருந்தன. பலகைகள் தப்பின.

மைக்ரோவேவில் இன்னும் பன்னிரண்டு மணிதான். அதற்குத் தனி வரைவு தயாராகிறதாம்.