போக வர ஒரே டேங்க்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு வேலையிடத்தில் 'சொட்டு' என்று பெயர். சிக்னலில் எல்லோரும் உறுமிக்கொண்டு நிற்கும்போது இவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்பார். பங்கில் பெட்ரோல் போட்டு முடித்ததும் குழாயை எடுக்க விடமாட்டார். "இருப்பா, உள்ள இன்னும் ரெண்டு சொட்டு நிக்கும், உதறு" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். கேட்கும்போதெல்லாம் அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்காது.

அந்த மனைவிக்குத்தான் இதய வால்வு கெட்டுப்போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதய மருத்துவமனையோ பக்கத்து நகரத்தில். பெட்ரோல் தட்டுப்பாடு வந்திருந்த நேரம். பஸ்கள் பாதிக்கு மேல் ஓடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவைதான் டேங்க் நிரப்ப விட்டார்கள். இருவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர அது போதும். திரும்பி வருவதுதான் சந்தேகம்.

சொட்டு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டார். ஏர் ஃபில்டரில் அடைத்திருந்த தூசியைத் தட்டி எடுத்தார். பிளக்கைத் தேய்த்தார். பின் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது பிரேக் லேசாக உரசியது. "இவன்தான் திருடன்" என்று அதைத் தளர்த்தினார். கார்புரேட்டர் திருகை மயிரிழை திருப்பிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பாரம் குறையட்டும் என்று முன்பக்கக் கூடை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றினார்.

மனைவி வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு. அடுத்து நான்தானா?"

"உன்னைக் கழட்டுற அளவுக்கு எங்கிட்ட ஸ்பேனர் இல்ல."

முதல் பயணத்தில் ஒரே வேகம், நாற்பது. அவள் தூங்கி விழுந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே ஓட்டினார். வீடு வந்ததும் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிக் காட்டினார். உள்ளே சலசலத்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்தவள், "புள்ள பெத்த மாதிரி பூரிக்கிறீங்களே" என்றாள்.

பிறகு எத்தனையோ தடவை அப்படிப் போய் வந்தார்கள். கடைசியாகப் போனபோது, கால் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் அவளை வார்டில் சேர்த்துவிட்டார். அவளுடைய தம்பியும் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை சொட்டு டீ வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

மத்தியானம் வேன் வந்தது. வெள்ளைத் துணியால் மூடி அவளை ஏற்றினார்கள். மச்சினன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மாமா, ஏறுங்க. ஸ்கூட்டர் இங்கயே நிக்கட்டும்."

"இங்க விட்டா பெட்ரோலை உறிஞ்சிருவாங்கடா."

வாயிலிருந்து வந்துவிட்டது. மச்சினன் அவரையே பார்த்தான். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வேனில் ஏறவும் முடியவில்லை. சொன்ன வாயோடு அவள் பக்கத்தில் எப்படி உட்காருவது? "நீ போ, நான் பின்னாடியே வர்றேன்" என்றார்.

வேன் நகரத்தைத் தாண்டியதும் வேகம் எடுத்தது. சொட்டு ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கினார். எஞ்சின் கதறியது. வேனின் பின்கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே முறுக்காக ஓட்டினார். ஊருக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கையில் வண்டி இரண்டு தடவை விக்கி, நின்றுபோனது. அவர் கண்ணெதிரே வேன் திருப்பத்தில் மறைந்தது.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிளாஸ்டிக் குடங்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒரு வியாபாரி நிறுத்தினான்.

"பெட்ரோலாண்ணே? எங்கிட்டயும் சொட்டுதான் இருக்கு. ஏறி உக்காருங்க, காலால தள்ளிட்டுப் போறேன்."

அவன் ஒரு காலை நீட்டி ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் வைத்துத் தள்ள, இரண்டு வண்டியும் மெல்ல நகர்ந்தன.

"தனியாவா வந்தீங்க?"

"வீட்டுக்காரி முன்னாடி வேன்ல போயிட்டா."

"செத்தீங்க! லேட்டா போனா திட்டு விழுமே."

"ஆமாம்பா. திட்டுவா" என்றார் சொட்டு. அவர் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தவன் வேறெதுவும் கேட்கவில்லை. தெருமுனைவரை தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு, குடங்கள் கட்டிய வண்டியை நிறுத்தி அங்கேயே இறங்கி நின்றான்.

வேன் வாசலில் நின்றது. கதவு திறந்திருந்தது; அவளை யாரும் இறக்கவில்லை. டிரைவர் அவசரப்படுத்தியிருக்கிறார் போல. மச்சினன் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அவர் வந்துருவாருங்க. அவர் வந்துதான் தூக்கணும்."

சொட்டுவைக் கண்டதும் ஓடி வந்து ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டான். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. "தலைப்பக்கம் நீங்க பிடிங்க மாமா" என்றான்.

சொட்டு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார்.