விஞ்ஞானி பிராசஸரை வேகப்படுத்திய வரலாறு

இதனால் சகல சுற்றத்தாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் பிராசஸர், அதைச் செய்தவர்கள் அதற்கு விதித்த வேக வரம்பை உடைத்துக்கொண்டு வெளியேற இருக்கிறது. பணி முழுக்க முழுக்கப் பாதுகாப்பான முறையில், படிப்படியாக, தகுதி வாய்ந்த ஒருவரால் நடத்தப்படும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ஆகியவற்றைப் போடக் கூடாது. பார்வையாளர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.

குடும்ப வாட்ஸாப் குழுவில் இந்தப் பிரகடனம் வந்து விழுந்தபோது, தகுதி வாய்ந்த அந்த ஒருவர் சோபாவில் சாய்ந்து, கால் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அவரை மனைவி வீட்டார் 'விஞ்ஞானி' என்று அழைப்பார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு இஸ்திரிப் பெட்டியை ரிப்பேர் செய்து தெரு முழுக்க இருட்டாக்கிய நாளில் வைத்த பெயர். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வெளியில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் உதவி மேலாளர். அவர் பேசினால் கேட்டே தீரவேண்டிய ஆட்கள் அங்கே சிலர் இருந்தார்கள். வீட்டிலும் அதே ஏற்பாடு நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

குழுவில் உடனே பதில்கள் வந்தன. சித்தப்பா கட்டை விரலை உயர்த்தினார். அவர் சாவுச் செய்திக்கும் அதைத்தான் உயர்த்துவார். அத்தை ஒருத்தி, "யாருக்கு ஆபரேஷன்? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டிருந்தாள். மூன்றாவதாக வந்தது மனைவியின் தம்பி.

"மாமா, கண்டிப்பா வரேன். உங்க மெஷின் ஓடலன்னா திங்கக்கிழமை புதுசு வந்து இறங்கும். அக்காகிட்ட மாடல் கேட்டு வச்சுட்டேன்."

விஷயமே இதுதான்.

மனைவிக்குத் தொழில் சமையலறை வரைவது. கட்டப்போகும் வீடுகளின் சமையலறையை, கட்டுவதற்கு முன்பே, நிஜப் புகைப்படம் போலக் கம்ப்யூட்டரில் செய்து தருவாள். அலமாரி எந்த நிறம், மேடைக் கல்லில் வெளிச்சம் எப்படி விழும் என்று எல்லாவற்றையும் வைத்து முடித்தபின், அந்தப் படத்தை மெஷின் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். அந்த வீட்டு மெஷினில் ஒரு ரெண்டரைத் தட்டிவிட்டுப் போனால், துணியைத் துவைத்து, காயப்போட்டு, மடித்தும் வைத்துவிட்டு வரலாம். படம் அப்போதும் பாதிதான் வந்திருக்கும். வாடிக்கையாளர்கள் நழுவ ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் போனில், "எங்க வீடே கட்டி முடிஞ்சுடுச்சும்மா, படம் எப்போ வரும்?" என்று கேட்டுவிட்டார்.

தம்பிக்குக் குளியலறைச் சாமான் கடை. குழாயும் வாஷ்பேசினும் விற்றுக் கையில் நாலு காசு பார்த்தவன். அக்கா அலுத்துக்கொண்டதைக் கேட்டு, "நான் வாங்கித் தரேன்க்கா" என்றான். அவளுக்கு மனசு குளிர்ந்தது. விஞ்ஞானிக்கு ரத்தம் கொதித்தது.

"என் வீட்டுக்கு உன் தம்பி கம்ப்யூட்டர் வாங்கித் தர்றதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க இருக்கீங்க. மெஷின்தான் செத்துட்டு வருது."

"அது சாகல. தூங்குது. எழுப்பத் தெரிஞ்சவன் எழுப்பணும்."

அன்றிலிருந்து எழுப்புவதற்கான ஆராய்ச்சி தொடங்கியது. விஞ்ஞானி வீடியோ பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், குளியலறையில் பார்த்தார், ஆபீஸில் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் பார்த்தார். பார்த்ததை எல்லாம் தட்டின் எதிரே மனைவிக்கு வகுப்பாக எடுத்தார்.

"நல்லா கவனி. பிராசஸருக்கு அடிப்படை வேகம்னு ஒண்ணு இருக்கு. அதை இத்தனை மடங்குன்னு பெருக்க ஒரு எண் இருக்கு. ரெண்டையும் பெருக்கினா ஓடற வேகம். நாம அந்தப் பெருக்கற எண்ணை மட்டும் ஒரு படி ஏத்தறோம். ஏத்தினதும் மெஷினுக்கு நல்லா வேலை குடுத்துப் பாக்கறோம். சூடு எவ்வளவு? தாங்குதா? சரி, இன்னொரு படி. தாங்கலயா? ஒரு படி இறங்கிடறோம். பேராசைப்பட்டு வோல்ட்டேஜ்ல கை வைக்கறவன் முட்டாள்."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் சரி. தப்பாகச் சொல்லியிருந்தால் அவளும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். எந்த வீடியோவைத் திறந்தாலும் விஞ்ஞானி ஆரம்பப் பகுதியை விரலால் தள்ளிவிட்டு நடுவிலிருந்துதான் பார்த்தார்.

"முதல்ல அந்தாளு ஏதோ சொன்னாரே, என்னது?"

"அது கத்துக்குட்டிங்களுக்கு."

"நீங்க?"

"நான் என்ன?"

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

இந்த இடத்தில் உறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெஷின் வாங்கிய வாரமே விஞ்ஞானி தையல்காரரிடம் அளவு கொடுத்து அதன் பெட்டிக்கு ஒரு வெல்வெட் உறை தைத்து வாங்கிவிட்டார். கருஞ்சிவப்பு. ஓரமெல்லாம் தங்க நிற லேஸ். பவர் பட்டனுக்கு முன்னால் ஒரு ஓட்டை, வயர்களுக்குப் பின்னால் ஒரு ஓட்டை, பக்கவாட்டில் ஜிப். மெஷின் ஓடும்போதும் உறை போட்டே இருக்க வேண்டும், மேசைக்கு அடியில் கதவு வைத்த அறைக்குள் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். தூசி எதிரி என்பது அவர் கொள்கை. உள்ளிருந்து காற்றாடி, கழுத்தைப் பிடித்தது போல ஊளையிடும். "கேட்டியா? பவர்!" என்பார் விஞ்ஞானி.

ஞாயிறு விடிந்தது. விஞ்ஞானி தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி வந்தார். தம்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எங்க கடையில குழாய்ல தண்ணி சொட்டு சொட்டா வந்தா பிரஷர் பம்பு மாட்டுவோம். அது மாதிரிதானே?"

"உன் குழாயையும் இதையும் ஒண்ணாச் சேக்காத மச்சான். இது நுணுக்கமான விஷயம்."

"குழாயும் நுணுக்கம்தான் மாமா. வாஷர் தப்பாப் போட்டா வீடே முழுகிடும்."

விஞ்ஞானி மேசைக்கு அடியில் மண்டியிட்டு, கதவைத் திறந்து, பெட்டியை வெளியே இழுத்தார். ஜிப்பை மெல்லத் திறந்து உறையை உரித்தார். மணப்பெண்ணின் முக்காட்டை விலக்குவது போல இருந்தது என்று தம்பி சொன்னான். உறையை மடித்து நாற்காலி மேல் வைத்தார். பெட்டி மேசை மேல் ஏறியது. மின்சாரம் பாய்ந்தது. ஒரு பொத்தானை அவர் விடாமல் தட்ட, மெஷினின் அடித்தளத் திரை வந்தது. பயாஸ் என்பார்கள், மெஷின் எழுந்திருக்கும் முன் அதன் காதில் ஓதும் இடம்.

மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். விஞ்ஞானி பட்டியலில் இறங்கி இறங்கி, வேகத்தைப் பெருக்கும் எண் இருக்கும் வரிக்கு வந்தார். வந்தார் என்றும் சொல்ல முடியாது. மேல் வரியில் நின்ற வெளிச்சப் பட்டை, அந்த வரியைத் தாண்டிக் கீழ் வரிக்குக் குதித்தது. மேலே போனார், மறுபடியும் தாண்டியது. அந்த ஒரு வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

அவள் நாள் முழுக்கத் திரையோடு மாரடிக்கிறவள். சாம்பல் நிறத்தில் கிடப்பது தொட முடியாதது என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பிராசஸரின் எண்ணை ஆண்டவனே வந்தாலும் ஏற்ற முடியாது. செய்தவர்கள் பூட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

விஞ்ஞானியின் பின்கழுத்தில் வியர்வை அரும்பியது. கூட்டல் பொத்தானைத் தட்டினார். கழித்தலைத் தட்டினார். பிறகு மூச்சை இழுத்து, "சேமித்து வெளியேறு" என்பதைத் தட்டினார். மாற்றங்கள் எதுவும் இல்லை என்று திரை பளிச்சென்று அறிவித்தது. விஞ்ஞானி சட்டென்று முன்னால் சாய்ந்து, இஸ்திரி போட்ட தோளால் அந்த அறிவிப்பை மறைத்தார்.

"ஆச்சு," என்றார்.

"எவ்வளவு மாமா ஏத்தினீங்க?"

"ரெண்டு படி. முதல் நாளே அதுக்கு மேல கூடாது. பாதுகாப்பு முக்கியம்."

அவள் காட்டிக்கொடுக்கப் போகவில்லை. கட்டிய புருஷன், பார்ப்பவன் தம்பி. ரெண்டர் வழக்கம்போல நொண்டும், மீதியை அதுவே சொல்லிவிடும் என்று உட்கார்ந்து, ஒரு சமையலறையைத் தட்டிவிட்டாள். டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

டீ ஆறவில்லை. படம் முடிந்துவிட்டது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். வெள்ளை அலமாரி, கறுப்பு மேடை, ஜன்னல் வெளிச்சம், எல்லாம் பளபளவென்று நின்றன. அவற்றைப் பார்த்து மிக அதிகமாகத் திகைத்தவர் விஞ்ஞானி. அவர் வாய் திறந்தபடி இருந்தது. ஆனால் டீயின் கடைசி மடக்கு இறங்குவதற்குள் அந்த வாய் மூடி, உதட்டில் ஒரு புன்னகை வந்து உட்கார்ந்துகொண்டது. தான் எதையோ ஏற்றித்தான் இருக்கிறோம் என்று அவரே நம்பிவிட்டார்.

"மாமா! நீங்க மனுஷனே இல்ல!"

"அடக்கமா இருக்கணும் மச்சான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ புதுசு வேண்டாம்னு கடைக்காரன்கிட்ட சொல்லிடறேன்," என்று தம்பி போனை எடுத்தான்.

புது மெஷின் கைநழுவிப் போவது அவளுக்குத் தெரிந்தது. கண் தானாக நாற்காலிக்குப் போனது. அங்கே கருஞ்சிவப்பு வெல்வெட், தங்க லேஸ் மின்ன, மடிந்து கிடந்தது. பெட்டிக்குள் காற்றாடி ஊளையிடாமல் சன்னமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்கூட வரவில்லை. இத்தனை நாளும் ஒரு மெஷினுக்குக் கம்பளி போர்த்தி வெயிலில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

"தம்பி, கொஞ்சம் இரு," என்றாள். பிறகு, மிகுந்த மரியாதையோடு, "ஏங்க, உறை போடலையா? இவ்வளவு பண்ணிட்டு தூசி படவா விடுவீங்க?"

விஞ்ஞானிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. "பாத்தியா மச்சான், உங்க அக்காவுக்கே இப்போ அறிவியல் வந்துடுச்சு." உறை ஏறியது. ஜிப் மூடியது. பெட்டி மேசைக்கு அடியில் போய், கதவும் சாத்தப்பட்டது. அவள் அதே சமையலறையை மறுபடி தட்டிவிட்டாள். "சாப்பிட வாங்க," என்றாள்.

சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். தம்பி கடையில் வந்த புது மாடல் ஷவர் பற்றிச் சொல்லி முடித்தான். காற்றாடி ஊளையிட்டது. படத்தில் ஜன்னல் மட்டும் வந்திருந்தது.

"என்ன மாமா, ஏத்தின வேகம் எறங்கி வெளிய போயிடுச்சா?"

"பிராசஸர் புது வேகத்துக்குப் பழகணும். எடுத்தவுடனே எதுவும் நிக்காது."

தம்பி குனிந்து கதவைத் திறந்து வெல்வெட்டில் கை வைத்தான். வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "அய்யோ, அடுப்பு மாதிரி கொதிக்குது!"

அவள் அப்போது ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். குறைந்தபட்ச நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "ஏங்க, அந்த உறைய எடுத்துட்டுப் பாக்கலாமா?"

விஞ்ஞானி சிரித்தார். ஆபீஸில் புதுசாகச் சேர்ந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"உறைய எடுக்கணுமாம்! ஏம்மா, சமையலறை வரையறதோட நிறுத்திக்க. தூசிதான் இதுக்கு எமன். இந்த உறை இல்லன்னா இந்த மெஷின் என்னைக்கோ மண்ணாப் போயிருக்கும். ஒரு துணி பிராசஸர் வேகத்தைக் குறைக்குமா? எந்த வீடியோவுலயாவது அப்படி ஒருத்தன் சொல்லியிருக்கானா?"

"ஆரம்பத்துல சொல்லியிருப்பாங்களோ என்னவோ."

"ஆரம்பத்துல சொல்றதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்குன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க," என்றாள். தம்பியின் பக்கம் திரும்பினாள். "மாடல் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

விஞ்ஞானி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, இந்தக் காலத்து பிராசஸர்களின் தரம் எவ்வளவு கெட்டுப்போய்விட்டது என்று தெருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை புதுசு வந்து இறங்கியது. அது மேசை மேல், நாலு பக்கமும் திறந்து நின்றது. உறை தைக்க அளவு நாடாவோடு வந்த விஞ்ஞானியை அவள் ஒரு பார்வை பார்த்தாள், நாடா திரும்பிப் போனது. அன்று மாலையே குழுவில் அடுத்த பிரகடனம் வந்தது: வரம்பு மீறிய வேகத்தில் ஓடிக் காட்டிய நம் பழைய மெஷின், ஆராய்ச்சிப் பணிகளுக்கென விஞ்ஞானியின் சொந்தப் பொறுப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சித்தப்பா கட்டை விரலை உயர்த்தினார். அத்தை, "நல்லபடியா வீட்டுக்கு வந்தாச்சா?" என்று விசாரித்தாள்.

அந்த மெஷினில், உறையோடு, அவர் இப்போது சீட்டு விளையாடுகிறார்.